ஒன்பதாம் ஆட்சியாளரின் பூட்டு

எங்கள் நாட்டை ஆண்டவர்களில் ஒன்பது பேர் தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள். இதைச் சொல்வது குற்றம். ஆட்சியாளர் மறைவு விளக்க வாரியத்தின் கையேடு முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறது: "ஆட்சியாளர் என்பவர் நாடே ஆவார். நாடு தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளாது. ஆகவே அவ்வாறு மறைந்த ஒவ்வோர் ஆட்சியாளருக்கும் வெளியே ஒரு காரணர் இருந்தே தீருவார். அவரைக் கண்டுபிடிப்பது வாரியத்தின் கடமை. கண்டுபிடிக்கப்படுவது அவருடைய கடமை."

முதலாம் ஆட்சியாளர், எதிரிப் படை கோட்டையைச் சூழ்ந்தபோது நஞ்சருந்தினார். காரணர் அரண்மனை வைத்தியர். துப்பிவிடும் அளவுக்கு அதைக் கசப்பாகச் செய்யாமல் விட்டவர். இரண்டாமவர் போரில் தோற்றுத் தன் வாளின் மேல் விழுந்தார். காரணர் சாணைக்காரர்; தேவைக்கு மேல் கூர் தீட்டியவர். மூன்றாமவர் கோபுரத்திலிருந்து குதித்தார். கொத்தனார் ஒரு மாடி அதிகமாகக் கட்டியிருந்தார். ஐந்தாமவர் சிறையில் சாப்பிட மறுத்தே போனார். சமையல்காரர் ருசியாகச் சமைக்கவில்லை. ஏழாமவர் கடலுக்குள் நடந்து போனார். அன்று படகோட்டி விடுப்பில் இருந்தார். முறைப்படி அனுமதி வாங்கியிருந்தார் என்பது அவர் குற்றத்தை இன்னும் கனமாக்கியது. திட்டமிட்டிருக்கிறார் அல்லவா.

ஒன்பதாமவர் ஒரு வசந்த காலத்துக் காலையில், வாசலில் கூட்டம் கத்திக்கொண்டிருக்க, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான்கு மணி நேரம் கழித்துச் சுவரை இடித்து உள்ளே போனார்கள். கதவைத் திறக்க முடியவில்லை. பூட்டு அவ்வளவு நன்றாக இருந்தது.

அந்தப் பூட்டைச் செய்தவர் என் அப்பா.

தீர்ப்பு எனக்கு மனப்பாடம். "பூட்டு தன் வேலையைச் செய்தது. அதுவே குற்றம். மட்டமான பூட்டாக இருந்திருந்தால் ஆட்சியாளர் இன்றும் நம்மோடு இருந்திருப்பார்." அப்பா ஒரே ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம்: இரண்டு சாவி செய்தேன், ஒன்று ஆட்சியாளருக்கு, இன்னொன்று அவருடைய அந்தரங்கச் செயலாளருக்கு. செயலாளரின் சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்து அவர் கழுத்தில் நானே போட்டேன் என்றும் சொன்னார். செயலாளர் அப்படியொரு சாவியே இல்லை என்றார். வாங்கியதற்குக் கையெழுத்து உண்டா என்று கேட்டார்கள். கழுத்தில் போட்டதற்கு யார் கையெழுத்து வாங்குவார்கள்? அப்பா சிறையில் மூன்றாவது வருடம் போய்விட்டார்.

செயலாளர் வாரியத் தலைவரானார்.

அம்மா அவரை நிழல் என்றுதான் சொல்வாள். ஆட்சியாளரின் பின்னாலேயே நடந்ததால் வந்த பெயர். அந்த நாளின் புகைப்படம் ஒன்று உண்டு. பூட்டிய கதவுக்கு வெளியே அவர் நிற்கிறார். தலை குனிந்திருக்கிறது. வலது கை நெஞ்சை இறுகப் பிடித்திருக்கிறது. துயரத்தின் உருவம் என்று அதைப் பாடப் புத்தகத்தில் போட்டார்கள். அந்தக் கையே வாரியத்தின் சின்னமாயிற்று. அரசு விழாக்களில் எல்லோரும் அப்படி நெஞ்சில் கை வைத்து நிற்க வேண்டும் என்று உத்தரவும் வந்தது. முப்பது வருடமாக ஒரு நாடே அந்த மாதிரி நிற்கிறது.

"நெஞ்சு வலியாடி அவனுக்கு? நாலு மணி நேரமா ஒரே எடத்துல பிடிச்சிருக்கான்," என்பாள் அம்மா, அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டாள். நானும் கேட்க மாட்டேன். எங்கள் கடையில் அரம் தேயும் சத்தம்தான் அதிகம். அவள் சாவிக்குப் பல் வெட்டுவாள், நான் பூட்டைப் பிரித்துக்கொண்டிருப்பேன். சில நாட்களில் காலையிலிருந்து மாலை வரை நாங்கள் பேசிக்கொள்ளும் வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

வருடத்தில் ஒருநாள் மட்டும் நான் பேசியாக வேண்டும். அது பொறுப்பேற்பு நாள். காரணர் குடும்பத்தில் ஒருவர் வந்து, ஆட்சியாளரின் படத்தின் முன் நின்று மன்னிப்பு வாசித்துக் கையெழுத்துப் போட வேண்டும். வராவிட்டால் தொழில் உரிமம் போய்விடும். மற்றவர்கள் தலை குனிந்து கண்ணை மூடி நெஞ்சில் கை வைத்து நிற்பார்கள். காரணர் குடும்பத்தவர் மட்டும் தலை குனியக் கூடாது. கண் மூடக் கூடாது. ஆட்சியாளரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தபடியே இருக்க வேண்டும். உறுத்த வேண்டும் என்பதற்காக அப்படி ஒரு விதி.

வரிசையில் எனக்கு முன்னால் சாணைக்காரரின் வம்சத்தவர் நிற்பார். மூக்குக் கண்ணாடி விற்கிறார். கொத்தனாரின் பேத்தி தரைத்தளத்தில் மட்டுமே குடியிருக்கலாம். மாடியேற அவள் குடும்பத்துக்குத் தடை. எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுப்பார்கள். அதில் பதினோராவது கேள்வி: கடந்த ஆண்டில் நீங்கள் எவ்வளவு வருந்தினீர்கள்? குறைவாக, போதிய அளவு, மிகையாக. ஒரு வருடம் கொத்தனார் பேத்தி மிகையாக என்று குறித்துவிட்டாள். சான்று கேட்டு எட்டு மாதம் அலைய விட்டார்கள்.

"இந்த வருஷம் என்ன போடப் போறீங்க?" என்று கண்ணாடிக்காரர் கேட்பார்.

"போதிய அளவு."

"அதான் நல்லது. அதுக்கு மேல வருந்தினா அவங்களுக்குத் தாங்காது."

இந்த முப்பதாவது ஆண்டில் வாரியத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. ஒன்பதாம் ஆட்சியாளரின் அறையை அருங்காட்சியகமாகத் திரும்பக் கட்டியிருக்கிறார்களாம். இடிந்த மாளிகையிலிருந்து பழைய கதவை நிலையோடு பெயர்த்து வந்து பொருத்தியிருக்கிறார்கள். பூட்டு இறுகிக் கிடக்கிறது. வரலாற்றுப் பொருளை அதைச் செய்தவரோ அவருடைய வாரிசோ மட்டுமே தொடலாம் என்று பதினான்காம் விதி சொல்கிறது. ஆகவே நான் வந்து அதை "மாண்புக்குரிய செயல்நிலையில்" வைக்க வேண்டும்.

கடிதத்தை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அரத்தைக் கீழே வைத்தாள்.

"குத்தம் செஞ்ச பூட்ட நல்லா வேலை செய்ய வைக்கணுமாமா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

வெட்டி முடித்த சாவியைப் பலகையில் மாட்டினாள். பிறகு, "போ," என்றாள். "அவங்க என்ன சொன்னாலும் அப்படியே செய். உன் புத்திய அதுல கலக்காத. எல்லாத்தையும் எழுதிக் கேளு. எழுதி வாங்கு. உங்கப்பா வாங்காம விட்டுட்டாரு."

நான் எழுதிக் கேட்டேன்.

முதல் கடிதம்: இது சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் பூட்டு. உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் சாவி இல்லாமல் திறக்காது. சாவி ஒன்று செய்துகொள்ள அனுமதி வேண்டும். பதில்: "ஆட்சியாளரின் சாவி அறையிலேயே கண்ணாடிப் பெட்டியில் உள்ளது. இப்பூட்டுக்கு ஒரே சாவி என்பது தீர்ப்பில் நிலைநாட்டப்பட்ட உண்மை. இன்னொரு சாவி செய்வது வரலாற்றைத் திரிப்பதாகும்."

கண்ணாடிப் பெட்டியைப் போய்ப் பார்த்தேன். உள்ளே ஒரு சாண் நீளத்தில் தங்க முலாம் பூசிய சாவி இருந்தது. அப்பா செய்தது சுண்டுவிரல் அளவுப் பித்தளைச் சாவி. வாரியச் செயலரிடம் கேட்டேன். சட்டைப் பையில் நான்கு பேனா வைத்திருப்பவர் அவர், நான்கும் எழுதாது.

"பழைய சாவி ரொம்பச் சின்னதா இருந்துச்சும்மா. ஒரு ஆட்சியாளர் கையில அது நல்லாவா இருக்கும்? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? உருக்கிட்டோம். இது தீர்மானம் போட்டுச் செஞ்சது."

"இது துவாரத்துல நுழையாதுங்களே."

"இது காட்சிக்கு வெச்சிருக்கறதும்மா. இத ஏன் நுழைக்கணும்?"

அதையும் இரண்டாம் கடிதமாக எழுதினேன். "சாவியின் அளவு குறித்த விமர்சனம் காரணர் குடும்பத்தாருக்கு ஏற்புடையதன்று" என்று பதில் வந்தது. இரண்டு பதில்களின் கீழும் தலைவரின் கையெழுத்து. அவற்றை மடித்து வைத்துக்கொண்டேன்.

பூட்டைப் பிரித்துத் துருவைச் சுரண்டி எண்ணெய் விட்டேன். அப்பாவின் வேலைக்குள் என் விரல் போனது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு துண்டும் அதனதன் இடத்தைத் தெரிந்துவைத்திருந்தது. உள்ளே இரண்டு புள்ளிகள் குத்தியிருந்தார். எத்தனை சாவி செய்கிறாரோ அத்தனை புள்ளி குத்துவது அவர் வழக்கம். அதைச் செயலரிடம் காட்டினேன். தூசு என்றார். நான் மூடிய பிறகு, யாரும் கழற்றிவிடக் கூடாது என்று உட்பக்கத் தகட்டைச் சுற்றிலும் பற்றவைத்துவிட்டார்கள்.

திறப்பு விழாவன்று வாசலில் என் பையைச் சோதித்தார்கள். காரணர் குடும்பத்தார் கருவி எதுவும் கொண்டுவரக் கூடாதாம். திருப்புளியை வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுத்தார்கள். சீட்டையும் மடித்து வைத்துக்கொண்டேன்.

அறை சின்னது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, கண்ணாடிப் பெட்டி. ஆட்சியாளரின் பெரிய படம் கதவுக்கு மேலே மாட்டப்பட்டிருந்தது. அன்று இடித்த சுவரை இடிக்காத மாதிரியே கட்டியிருந்தார்கள். ஜன்னல் இல்லை. உள்ளே தலைவர், செயலர், இரண்டு உறுப்பினர்கள், ஒரு நிருபர், தோளில் கேமரா வைத்த ஓர் ஆள், மன்னிப்பு வாசிக்க நான். ஐந்தாவது உறுப்பினரான துணைத் தலைவர் கழிப்பறைக்குப் போயிருந்தார். விழா நேரலையில் போய்க்கொண்டிருந்தது.

தலைவருக்கு எழுபத்தைந்து வயது. குரல் மட்டும் இன்னும் பின்னால் நடப்பவரின் குரல்தான்.

"பெருமக்களே. அந்த நாளில் நான் இந்தக் கதவுக்கு வெளியே நான்கு மணி நேரம் நின்றேன். ஓர் அடி நகரவில்லை. எல்லோரும் ஓடினார்கள், கத்தினார்கள், எதையாவது செய்ய வேண்டும் என்றார்கள். நான் எதையும் செய்யவில்லை. எதையும் செய்யாமல் இருப்பதற்கு எவ்வளவு உறுதி வேண்டும் என்பது சிலருக்கே தெரியும். என் கை நெஞ்சிலிருந்து இறங்கவே இல்லை. இன்று நீங்கள் அந்தத் தனிமையை உணர வேண்டும். கதவைச் சாத்துங்கள்."

செயலர் என்னைப் பார்த்தார். நான் தலைவரைப் பார்த்தேன்.

"சாத்தினா பூட்டிக்கும் ஐயா. எழுதிக் கொடுத்திருக்கேன்."

"நானும் பதில் எழுதியிருக்கேன். சாத்தும்மா."

சாத்தினேன். உள்ளே பூட்டின் நாக்கு விழுந்தது. சின்னச் சத்தம், ஒரு கொட்டாவி மூடுகிற மாதிரி. முப்பது வருடத்துக்குப் பிறகும் அது பிசகவில்லை.

தனிமையை அவர்கள் ஐந்து நிமிடம் உணர்ந்தார்கள். பிறகு கதவைத் திறக்கச் சொன்னார்கள்.

"சாவி வேணும் ஐயா."

கண்ணாடிப் பெட்டியைத் திறக்க வாரியத் தீர்மானம் வேண்டும். தீர்மானத்துக்கு ஐந்து பேரும் வேண்டும். ஐந்தாமவர் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றிருந்தார். ஆளைப் பார்க்காமல் குரலை மட்டும் வைத்து வருகைப்பதிவு செய்யலாமா என்று செயலர் கையேட்டைப் புரட்டினார். நாற்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள் கேமராவின் விளக்கில் அறை கொதித்தது. ஓர் உறுப்பினர் ஆட்சியாளரின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதற்கு ஏழு வருடத் தண்டனை உண்டு என்று மற்றவர் அவருக்கு நினைவூட்டினார். எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

கடைசியில் விதியைத் தள்ளி வைத்துப் பெட்டியைத் திறந்தார்கள். ஒரு சாண் தங்கச் சாவியைச் செயலர் இரண்டு கையாலும் ஏந்திப் பூட்டிடம் கொண்டுபோனார். அதன் முனையே துவாரத்தைவிடப் பெரிதாக இருந்தது. மேலாக வைத்துப் பார்த்தார். பக்கவாட்டில் வைத்துப் பார்த்தார். பிறகு சாவியின் மீது மரியாதை குறையாமல் அதைத் திரும்பப் பெட்டியில் வைத்தார்.

"நீ தொறம்மா," என்றார் தலைவர்.

"கருவி வாசல்ல வாங்கிட்டாங்க ஐயா. சீட்டு இருக்கு. தகட்டையும் பத்த வெச்சிருக்கு."

"யாராவது கதவ ஒடைங்கப்பா," என்று அவர் வெளியே பார்த்துக் கத்தினார்.

வெளியே தீயணைப்புப் படை வந்திருந்தது. துணைத் தலைவரின் குரல் சாவித் துவாரத்தின் வழியாக நிதானமாக வந்தது. "ஐயா, கதவு தேசியச் சொத்துன்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஒடைக்கறவரு காரணர் ஆகிடுவாரோன்னு இவங்க பயப்படறாங்க. ஆக மாட்டோம்னு எழுத்துல கேக்கறாங்க. அஞ்சு பேரும் கையெழுத்துப் போடணும். காகிதம் கதவுக்கடியில நுழையல."

"நீ என்னய்யா பண்ற அங்க?"

"நெஞ்சுல கை வெச்சுக்கிட்டு நிக்கறேன் ஐயா. நகரல."

இரண்டு மணி நேரம் ஆயிற்று. நிருபர் தரையில் உட்கார்ந்திருந்தார். தலைவர் மட்டும் உட்காரவில்லை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தார். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. எழுபத்தைந்து வயதில் ஒருவரால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. முகம் வியர்த்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. வேறொருவராக இருந்திருந்தால் பாவம் பார்த்திருப்பேன். அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நெஞ்சை விட்டு இறங்கவில்லை. சட்டைக் காலருக்கு உள்ளே, கழுத்தை ஒட்டி, கறுப்பாக ஒரு கயிறு தெரிந்தது.

தலைவர் நிமிர்ந்தார்.

"பெருமக்களே, இந்தச் சோதனை நேரத்தில் ஆட்சியாளரின் நினைவாக இரண்டு நிமிடம் மௌனம் காப்போம். முறைப்படி எல்லோரும் கண்ணை மூடுங்கள்."

எல்லோரும் தலை குனிந்தார்கள். நெஞ்சில் கை. கண்கள் மூடின. முப்பது வருடப் பழக்கம்.

நான் காரணர் குடும்பத்தவள். விதிப்படி தலை நிமிர்ந்து ஆட்சியாளரின் முகத்தைப் பார்த்தேன். முகத்துக்குக் கீழேதான் கதவு. கேமராக்காரரும் குனியவில்லை, தோளில் கனம் இருந்தால் குனிய முடியாது. நின்றபடியே தூங்கிவிட்டார் என்று நினைக்கிறேன். கேமரா தூங்கவில்லை.

தலைவர் மெல்ல நடந்து கதவிடம் போனார். நெஞ்சில் இருந்த கை அப்படியே சட்டைக்குள் இறங்கியது. கயிற்றின் நுனியில் சுண்டுவிரல் அளவுப் பித்தளை வெளியே வந்தது. கழற்றக்கூட இல்லை. கழுத்தோடு குனிந்து, பூட்டுக்கு முத்தம் கொடுப்பதுபோல் அதைத் துவாரத்தில் நுழைத்துத் திருப்பினார். அப்பாவின் பூட்டு ஒரு சிணுங்கல்கூட இல்லாமல் திறந்தது.

"ஐயா," என்றேன். "ரெண்டு நிமிஷம் இன்னும் ஆகல."

எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். அவர் கழுத்து இன்னும் சாவியோடு கதவில் மாட்டியிருந்தது.

நிருபர் முதலில் பேசினார். "அது என்ன சாவிங்க?"

பதில் சொல்லும் அவசரத்தைவிடப் பெரிய அவசரம் ஒன்று தலைவருக்கு இருந்தது. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினார். சாவி பூட்டிலேயே நின்றது, ஆடிக்கொண்டு. நாடு முழுவதும் அதைப் பார்த்தது. எங்கள் கடையில் அம்மாவும் பார்த்தாள்.

துணைத் தலைவர் அன்று மாலையே விசாரணையைத் தொடங்கினார். இவ்வளவு வேகமாக வாரியம் வேலை செய்து நான் பார்த்ததில்லை. விசாரணைப் பதிவின் நகல் ஒன்று எனக்கும் வந்தது. அதில் தலைவர் சொல்கிறார்:

"சாவி அப்பவும் எங்கிட்டதான் இருந்துச்சு. முதல் மூணு மணி நேரம் உள்ள அவரு நடந்துக்கிட்டிருந்த சத்தம் கேட்டுச்சு. தொறந்தா, உன்ன யாரு வரச் சொன்னதுன்னு திட்டுவாரு. அதோட, அடுத்து யாரு வரப் போறாங்கன்னு அதுவரைக்கும் ரேடியோல சொல்லல. சொல்லட்டும், அப்புறம் தொறக்கலாம்னு இருந்தேன். சொல்றதுக்குள்ள சத்தம் நின்னுடுச்சு."

அந்தப் பக்கத்தை நான் பலமுறை வாசித்தேன். மூன்று மணி நேரம் ஒருவர் நடந்திருக்கிறார். கதவின் இரண்டு பக்கமும் சாவி இருந்திருக்கிறது.

இதைக் கேட்ட பிறகாவது ஆட்சியாளர் தானாகத்தான் போனார் என்று எழுதுவார்கள் என நினைத்தேன். வாரியத்தைப் பற்றி எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. நாடு தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளாது. காரணர் ஒருவர் இருந்தே தீர வேண்டும். காரணர்களின் பெயர் பொறித்த கல்வெட்டில் அப்பாவின் பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டு அதே குழியில் தலைவரின் பெயரை வெட்டினார்கள். நெஞ்சில் கை வைக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை. பழகிவிட்டது.

அடுத்த பொறுப்பேற்பு நாளில் நான் போக வேண்டிய கட்டாயம் இல்லை. போனேன். அம்மாவும் வந்தாள், முதல் தடவையாக. முன் வரிசையில் நடு நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

கண்ணாடிக்காரருக்கும் கொத்தனார் பேத்திக்கும் பின்னால், நான் நிற்கும் இடத்தில், படிவத்தோடு பழைய தலைவர் நின்றார். பதினோராவது கேள்வியில் பேனா தயங்கியது. போதிய அளவு என்று குறித்தார். புதுத் தலைவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "சான்று இருக்கா?" என்று கேட்டார். எட்டு மாதம் என்று கொத்தனார் பேத்தி என்னிடம் முணுமுணுத்தாள்.

மேடையேறி, தலை நிமிர்ந்து, படத்தைப் பார்த்து வாசித்தார். அந்தக் குரல் முன்வரிசைக்கே சரியாக எட்டவில்லை. "...அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவிகள் இருந்தன என்பதையும், ஒன்று என்னிடம் இருந்தது என்பதையும்..."

"கேக்கல," என்றாள் அம்மா.

அவர் நிறுத்தினார். புதுத் தலைவர் கையேட்டைப் புரட்டினார். பார்வையாளருக்குக் கேட்கவில்லை என்றால் திரும்ப வாசிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. பழைய தலைவரே தன் காலத்தில் எங்களுக்காகச் சேர்த்த விதி.

"அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவிகள் இருந்தன."

"எத்தன?"

"இரண்டு."

"கேக்கல. கொஞ்சம் சத்தமா."

அவர் மறுபடி வாசித்தார். மறுபடியும். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. அம்மா மடியில் கையை வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது சாயும்வரை கேட்டுக்கொண்டிருக்கலாம் என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும்.